சேவ் ஆகாத அண்ணன்

மேனாம்பேட்டில் சரசாவின் கை படாமல் ஒரு குழந்தைக்குக் காது குத்தியதும் இல்லை, ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறியதும் இல்லை. உடனே அவளை ஆசாரி என்றோ ஐயர் என்றோ நினைத்துவிடாதீர்கள். அவள் கையில் இருப்பது மவுஸ். மாவு மில்லுக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, மகள் பேரில் 'நிவேதிதா டிஜிட்டல்ஸ்' என்று ஒரு பேனர் கடை நடத்துகிறாள். விசேஷம் வைத்தவர்கள் சமையல்காரரைப் பார்ப்பதற்கு முன்னால் சரசாவைப் பார்த்துவிடுவார்கள்.

பேனர் என்றால் சும்மா இல்லை ஐயா! உச்சியில் குலதெய்வம், நடுவில் விசேஷக்காரர்கள், கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்களின் தலைகள். யார் தலை எந்த வட்டத்தில், என்ன அளவில் என்பதில்தான் உறவே நிற்கிறது. பெரியப்பாவின் வட்டம் சித்தப்பாவின் வட்டத்தைவிட ஒரு விரல்கடை சிறுத்துப்போனால் பந்தியில் சாம்பார் வாளி பறக்கும். தாய்மாமனுக்கோ கீழ்வரிசையே கிடையாது. மேலே மூலையில், சாமிக்குப் பக்கத்திலேயே, தனி வட்டம். சாமி கோபித்தாலும் ஒரு தேங்காயில் சமாளித்துவிடலாம், தாய்மாமன் கோபித்தால் முடியாது.

இதெல்லாம் சரசாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிளஸ் டூ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பட்டன் தைக்கப் போனவள், லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துப் பார்த்தே டைப்பிங் படித்தாள், பிறகு டிசைன் படித்தாள், பிறகு சொந்தக் கடை போட்டாள். அவள் படிக்காத ஒரே பாடம், 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது. யாராவது போட்டோ எடுத்து வர மறந்துவிட்டால் கையை ஆட்டிச் சிரிப்பாள்.

"கூகுள்ல இல்லாத மூஞ்சி இன்னும் பொறக்கலமா. நீ பேரை மட்டும் சொல்லு, நான் எறக்கிக்கிறேன்."

இறக்கவும் செய்வாள். இறக்கியது எப்படி வரும் என்பதுதான் வேறு கதை. ஒருமுறை காதுகுத்து பேனருக்கு ஒரு மயிலை இறக்கினாள். பின்னணியே இல்லாத மயில் என்று அந்த வெப்சைட்டில் போட்டிருந்தது. சேவ் பண்ணிப் பார்த்தால் மயிலுக்குப் பின்னால் இருந்த சாம்பல் கட்டங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அவசரத்தில் அவள் கண்ணில் படவில்லை. மண்டப வாசலில் கட்டிய பிறகு குழந்தையின் அப்பா ஓடி வந்தார்.

"இன்னாமே இது? மயிலு லுங்கி கட்டிக்கினு கீது?"

"அண்ணாத்தே, அதான் இந்த வருச டிசைன். இன்னும் ஊருக்குள்ள வரல, உங்களுக்குத்தான் மொத மொதல்ல போட்டேன்" என்றாள் சரசா, கண்ணை ஒருமுறை கூடச் சிமிட்டாமல். அடுத்த வாரமே ரெண்டு பேர் அதே லுங்கி மயில் வேண்டும் என்று கடை வாசலில் வந்து நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்பேர்ப்பட்ட கைகாரி தன் வீட்டு பேனரில்தான் மாட்டிக்கொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால், மகள் நிவேதிதாவின் மஞ்சள் நீராட்டு விழா. பேனரில் ஊர்த் தலைகள் எல்லாவற்றையும் போட்டு, மேல் மூலையில் தன் ஒரே அண்ணன் சின்னசாமியைப் பெரிதாக வைத்தாள். வைத்தவள், டிசைனை மட்டும் பென் டிரைவில் ஏற்றினாள். அண்ணன் போட்டோ தனி ஃபைல். அதைச் சேர்த்து ஏற்ற மறந்துவிட்டாள். போட்டோ அவள் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு பேனர் அடித்துக் கொடுக்கும் அச்சுக் கூடத்தில் தமிழரசு டிசைனைத் திறந்தபோது தாய்மாமன் வட்டம் வெறும் வெள்ளையாக இருந்தது. தமிழரசு நல்ல மனுஷன். நல்ல நாளில் வட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று, கையில் இருந்த ஒரு சிவப்பு ரோஜாப்பூப் படத்தை அதில் வைத்து அடித்துக் கொடுத்துவிட்டார்.

சின்னசாமி சீர்த்தட்டுகளோடு, மேளத்தோடு, சொந்தபந்தத்தோடு வந்து மண்டப வாசலில் நிமிர்ந்து பார்த்தார். 'தாய்மாமன் ப. சின்னசாமி' என்று கொட்டை எழுத்து. அதற்கு மேலே ரோஜாப்பூ. மேளக்காரன்தான் முதலில் சிரித்தான்.

"உனக்கு அண்ணன் வாணாம், பூ போதும்ல?" என்றார் சின்னசாமி. "அந்தப் பூவையே கூப்ட்டு சீர் செய்யச் சொல்லு."

ஆனாலும் தட்டுகளை மருமகள் காலடியில் வைத்தார், அவள் தலையில் கை வைத்தார். பிள்ளை இல்லாத மனுஷன், நிவேதிதாவைத் தோளில் போட்டு வளர்த்தவர். ஒரு வாய் சாப்பிடாமல் அப்படியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. போன் பண்ணினால் எடுப்பதில்லை. பாரிவாக்கத்தில் அவர்கள் அப்பா நாற்று நட்ட வயலில் இப்போது ஒரு பெரிய அடுக்ககம் நிற்கிறது, அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருக்கிறார் என்பதே சரசாவுக்கு அண்ணி கெங்கம்மாள் சொல்லித்தான் தெரியும்.

இப்போது அந்த நிவேதிதாவுக்கே கல்யாணம். ஆவடியில் மண்டபம். பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டுத்தான் மேடைக்கு அழைத்துப் போக வேண்டும். வெற்றிலை பாக்கோடு சரசாவும் புருஷன் ஏகாம்பரமும் போனபோது சின்னசாமி வீட்டில் இல்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்ட கெங்கம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மண்டபத்து வாசல் வரைக்கும் வருவாராம். பேனர்ல தன் மூஞ்சி இருந்தா உள்ள வருவாராம், இல்லன்னா அப்படியே ரிட்டனாம்."

"அப்ப ஒரு போட்டோ குடு அண்ணி!"

"எங்கிட்ட கீறது பட்டன் போனு. அவருகிட்ட கேட்டேன். 'நான் குடுக்க மாட்டேன். கூகுள்ல இல்லாத மூஞ்சி பொறக்கலன்னு பீத்திக்கினு திரியறாளே, அவளே எறக்கிக்கட்டும்'னு சொல்ட்டாரு."

தன் வாயாலேயே கெட்டது தவளை என்பார்கள். சரசா வீட்டுக்கு ஓடி வந்தாள். பழைய போட்டோவைத் தேடினாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டது, அதோடு அந்தப் போட்டோவும் போயிற்று. கிடைத்தது அவளுடைய சொந்தக் கல்யாண ஆல்பம்தான். அதில் அரும்பு மீசையோடு ஒல்லியாக நின்ற அண்ணனைப் பார்த்துவிட்டு ஏகாம்பரம், "இது யாரு, நம்ம புது மாப்ளையோட தம்பியா?" என்று கேட்டார். ஆல்பத்தை மூடிவிட்டாள்.

மனுஷன் வாட்ஸ்அப்பிலாவது தன் முகத்தை வைத்திருக்கிறாரா என்றால், அங்கே ஒரு செம்பருத்தி. பேரைப் போட்டுத் தேடினால் உலகத்துச் சின்னசாமிகள் எல்லோரும் வந்தார்கள், அண்ணனைத் தவிர. கடைசியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், அந்த அடுக்ககத்தின் வெப்சைட்டில் ஆள் அகப்பட்டார். மலர்க் கண்காட்சி என்று ஒரு பக்கம். அதில் வெள்ளை மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, சின்னசாமி! கையில் என்ன தெரியுமா? ரோஜாச் செடி!

"மாட்டிக்கினான்யா எங்கண்ணன்!" என்று சரசா போட்ட கூச்சலில் மாவு மில்லில் மிஷினை நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்த ஏகாம்பரம் டீ கிளாஸோடு வந்து பின்னால் நின்றார்.

சரசா படத்தின் மேல் ரைட் கிளிக் பண்ணினாள். 'இப்பக்கத்தில் நகல் எடுக்க அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி பண்ணினாள். மறுபடி வந்தது.

"அனுமதி இல்லியாமே" என்றார் ஏகாம்பரம்.

"எனக்குக் கண்ணு தெரியுது."

மவுஸால் படத்தை அப்படியே பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அழகாக வந்து விழுந்தது. திறந்தால், திரும்பவும் அதே வெப்சைட்டுக்குள் கூட்டிக்கொண்டு போயிற்று. வந்தது படம் இல்லை, படத்துக்குப் போகிற வழி மட்டும். சரி, முழுப் பக்கத்தையும் சேவ் பண்ணிவிடுவோம் என்று பண்ணினாள். ஒரு ஃபோல்டர் நிறையச் சாமான் வந்தது. குப்பையைக் கிளறுவதுபோல் கிளறி அண்ணனைக் கண்டுபிடித்தாள். அவளுடைய பழைய டிசைன் சாப்ட்வேரில் போட்டாள். 'இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது' என்றது. வழக்கமான ஜேபெக் இல்லை, வெப்பி என்று புது மாதிரி வால் ஒட்டியிருந்தது.

"அவ்ளோதானே?" என்று வாலை வெட்டிவிட்டு ஜேபெக் என்று பேர் மாற்றினாள். சாப்ட்வேர் அசையவில்லை.

"பேரை மாத்தினா ஆளு மாறிடுவானா சரசா? கெஜட்லயே பேரு மாத்தினாலும் நான் ஏகாம்பரம்தானே?"

"யோவ், டீ குடிச்சாச்சுல்ல? போய் வாழமரம் வந்துச்சான்னு பாரு!"

அவர் அசையவில்லை. இவ்வளவு நல்ல வேடிக்கையை விட்டுவிட்டு யார் வாழைமரம் பார்க்கப் போவார்கள்? சரசா படத்தைப் பெயிண்டில் திறந்து, உண்மையான ஜேபெக்காக மாற்றி சேவ் பண்ணினாள். இந்தத் தடவை டிசைனுக்குள் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. சரசா எழுந்து நின்று தனக்குத்தானே கை தட்டிக்கொண்டாள். பிறகு வட்டத்தின் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கினாள். அவ்வளவுதான். வெப்சைட் கொடுத்திருந்தது தபால்தலை அளவுப் படம். இழுக்க இழுக்க அண்ணன் கட்டம் கட்டமாகப் பிரிந்தார். மூக்கு ஒரு செங்கல், மீசை நாலு செங்கல்.

"மச்சான்தானா இது? அஸ்திவாரம் போட்ட மாதிரி கீறாரு" என்றார் ஏகாம்பரம்.

சரசாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்குக் காலையில் இதைப் பார்த்தால் அண்ணன் வாசலோடு திரும்பிவிடுவார், மகள் மாலை இல்லாமல் நிற்பாள். போனை எடுத்தாள். போனில் அதே பக்கத்தைத் திறந்து, விரலால் விரித்துப் பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷாட் அடித்தாள். அடித்த அதே நொடியில் தமிழரசுவிடமிருந்து மெசேஜ் வந்து விழுந்தது. சின்னசாமியின் நெற்றியில், விபூதி இருக்க வேண்டிய இடத்தில், 'அக்கா பேனர் எப்ப தருவீங்க' என்று பட்டையாக நின்றது. திரும்ப அடித்தாள். திரும்ப ஒரு மெசேஜ். 'அக்கா சாயங்காலம் கரண்ட் கட்டு, சீக்கிரம்.'

சரசாவுக்கு வந்தது பாருங்கள் கோபம்! அந்த வெப்சைட்டின் அடியில் 'உங்கள் கருத்துகளை எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் போட்டு விளாசத் தொடங்கினாள். கீபோர்டு சத்தம் மில் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

'ஐயா, அம்மா, யாரா இருந்தாலும் சரி. உங்க பக்கத்துல படத்துக்குப் பூட்டு போட்டு வெச்சிருக்கீங்க. எங்கண்ணன் வாயும் இதே மாதிரிதான், எட்டு வருசமா பூட்டிக்கினு கீது, தொறக்க முடியல. ரோஜாச் செடி வெச்சிக்கினு நிக்கறாரே சின்னசாமி, அவருதான் எங்கண்ணன். அவரு வட்டத்துல நான் பூ வெக்கல. போட்டோவை ஏத்த மறந்துட்டேன், அவ்ளோதான். அதைச் சொல்றதுக்குள்ள போய்ட்டாரு. ஊர்ல எல்லார் தலையையும் வட்டத்துல வெச்சு ஒட்டறேன், என் கூடப் பொறந்தது மட்டும் ஒட்ட மாட்டேங்குது. நாளைக்கு எம்பொண்ணுக்குக் கல்யாணம். தயவு செய்து பெரிய படமா அனுப்புங்க. இப்படிக்கு சரசா, நிவேதிதா டிஜிட்டல்ஸ், மேனாம்பேடு.'

அனுப்பு என்பதை அழுத்தினாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயய்யோ, என்னென்னமோ எழுதிட்டேன்யா."

"உடு. இந்தப் பொட்டியெல்லாம் யாரு படிக்கப் போறா?" என்றார் ஏகாம்பரம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தோளுக்கு மேலாக முழுசையும் அவர் படித்திருந்தார்.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சரசா செங்கல் அண்ணனை வைத்துக்கொண்டே மல்லாடினாள். மங்கலாக்கிப் பார்த்தாள், பேய் மாதிரி வந்தது. கூர்மையாக்கிப் பார்த்தாள், அம்மை போட்ட மாதிரி வந்தது. தமிழரசுவின் மெசேஜ்கள் வந்துகொண்டே இருந்தன. பேசாமல் அரும்பு மீசைப் படத்தையே போட்டுவிடலாமா என்று ஆல்பத்தைத் திரும்பத் திறந்தபோது, வாசலில் டிவிஎஸ் வண்டி ஒன்று வந்து நின்றது.

இறங்கியது வெள்ளை மீசை. காக்கிச் சட்டை, முழங்கால்வரை செம்மண். சின்னசாமி நேராக உள்ளே வந்து மானிட்டரைப் பார்த்தார்.

"இது இன்னா? செங்கச் சூளையா?"

சரசா எழுந்தாள். கையிலிருந்த ஆல்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

சின்னசாமி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "நீ வெப்சைட்ல எழுதினதை எங்க அசோசியேசன் செக்ரட்ரி ஸ்வாதி மேடம் அனுப்பிச்சாங்க. 'அண்ணா, இது உங்க தங்கச்சியா?'ன்னு கேக்கறாங்க. அம்மாம்பெரிய அபார்ட்மென்டு, எல்லா குரூப்லயும் போய்டுச்சு. வாட்ச்மேன்லேர்ந்து லிப்ட் பையன் வரைக்கும் 'வாயைத் தொறங்கண்ணா, வாயைத் தொறங்கண்ணா'ன்னு கலாய்ச்சிக்கினு கீறானுங்க. செடிக்குத் தண்ணி ஊத்த உடல."

"அண்ணா..."

"போட்டோதானே வோணும்? மூஞ்சியே வந்துகீது. எறக்கிக்கோ."

ஐயோ, அந்தச் சின்னக் கடையில் அப்போது நடந்ததை என்னவென்று சொல்ல! சரசா அழுதாள், அழுகையோடு சிரித்தாள், சிரிப்பு விக்கலாக மாறிற்று. ஏகாம்பரம் "மச்சான்!" என்று கட்டிப்பிடித்ததில் அவருடைய ரெண்டாவது டீ கிளாஸ் கீபோர்டில் கவிழ்ந்தது. மாவு மில்காரம்மா என்ன ஏது என்று ஓடி வந்து, ஒன்றும் புரியாமல் தானும் அழுதுவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து வெப்சைட்டில் ஸ்வாதியிடமிருந்தே பதில் வந்தது. 'சாரிங்க. படத்தை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு பூட்டு போட்டது நாங்கதான். படத்தோட முகவரி கடைசியில 150x150ன்னு இருக்குங்களா, அதை மட்டும் அழிச்சுட்டுத் திறங்க, பெரிய படம் வரும்.' கீபோர்டைத் துடைத்துவிட்டுச் சரசா அழித்துப் பார்த்தாள். மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிய, ரோஜாவில் பனித்துளி தெரிய, பளிச்சென்று வந்து நின்றார் அண்ணன்.

"ஷோக்கா கீதே! இதையே போடு" என்றார் சின்னசாமி. பிறகு உற்றுப் பார்த்தார். "ஆமா, நீ ஒட்டினதுல செடியைக் காணோமே, ஏன் வெட்டின?"

"ரோஜாவைப் பாத்தா உனக்குக் கோவம் வருமேன்னுதான்."

"அடிப் பைத்தியம். எட்டு வருசமா நான் வளக்கறதே அதைத்தான்."

ஆனாலும் சரசா அந்தப் படத்தைப் போட ஒப்பவில்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூலில் அண்ணனை உட்காரவைத்து, செம்மண் சட்டையோடேயே எடுத்தாள். அவளுடைய விக்கலிலும் ஏகாம்பரம் காட்டிய கோணங்கியிலும் சின்னசாமி வாய் கொள்ளாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் தாய்மாமன் வட்டத்தில் வைத்தாள். பூட்டு திறந்த வாய், முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

"பென் டிரைவ்ல ஏத்திட்டியா?" என்று சின்னசாமி கேட்டார்.

"ஏத்திட்டேன்."

"காட்டு."

காட்டினாள். ஏகாம்பரமும் பார்த்தார். மில்காரம்மாவும் பார்த்தாள். சின்னசாமியின் ஃபைல் இருக்கிறதா என்று நாலு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்படியும் மனசு ஆறாமல் சின்னசாமி பென் டிரைவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தமிழரசுவின் அச்சுக் கூடத்துக்குத் தானே போனார். மிஷினிலிருந்து பேனர் மேல்முனையில் தொடங்கி மெதுவாக இறங்கி வந்தது. முதலில் சாமி வந்தது, அடுத்து அவருடைய சிரிப்பு வந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மீதி வருவதற்குள் டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆவடி மண்டப வாசலில் மேளம் பிளந்துகட்டியது. சின்னசாமி மாலையும் சீரும் கொண்டுவந்து, பேனருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று தன்னைத் தானே ரசித்து, மருமகளுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். "மாமா, எட்டு வருஷமா எங்க மாமா போனீங்க?" என்று நிவேதிதா கேட்டாள். "செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன் கண்ணு" என்றார். தாலி ஏறியது. சரசா மேடையில் நின்றபடி அண்ணனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தி போட்ட பிறகுதான் யாரோ கேட்டார்கள், பெண்ணோட அப்பா எங்கே என்று.

ஏகாம்பரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, உர்ரென்று ஒரு முகம். அண்ணாந்து பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னசாமியும் சரசாவும் வந்து அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள். 'மணமகளின் தந்தை திரு. ஏகாம்பரம்' என்று கொட்டை எழுத்து. அதற்கு மேலே, வட்டத்துக்குள், பெரிதாக ஒரு சிவப்பு ரோஜாப்பூ.

சாப்பிட வந்திருந்த தமிழரசு தூரத்திலிருந்தே கையைப் பிசைந்தார். "அக்கா, வட்டம் காலியா இருந்துச்சுக்கா. நல்ல நாளாச்சே, வெறுமனே உட வேணாமேன்னு..."

சரசா வாயில் புடவைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பீறிட்டது.

"நான் உள்ள வர மாட்டேன்" என்றார் ஏகாம்பரம். "அந்தப் பூவையே கூப்ட்டு பந்தியில உக்கார வெய்ங்க."

சின்னசாமி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"வா மாப்ள, எல போட்டாச்சு. அன்னிக்கு உங்க ஊட்டு விருந்துல வடை பாயசத்தோட சாப்பாடு. அதை உட்டுட்டுப் போனவன் சொல்றேன், எட்டு வருசம் பசிக்கும்."